சூடு உண்மைதான், கணக்குதான் இடிக்கிறது

"புவி வெப்பமாதல் என்பதே மேலை நாடுகள் நம்மை வளரவிடாமல் தடுக்கக் கிளப்பிவிட்ட புரளி என்று சிலர் சொல்கிறார்களே, இதைப் பற்றி இவ்வளவு எழுதுகிற உங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வந்திருக்கிறது, இன்னும் இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்கிற இடத்தில் இல்லை. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி சோதனை செய்து பார்த்தது 1859-வாக்கில். அந்த வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று சுவீடனில் அர்ரீனியஸ் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டது 1896-ல். அன்றைக்கு ஐ.நா.வும் கிடையாது, கார்பன் வரியும் கிடையாது, நம்மை வளரவிடாமல் தடுக்க வேண்டிய அவசியமும் வெள்ளைக்காரனுக்குக் கிடையாது, அவன்தான் இங்கே ஆண்டுகொண்டிருந்தானே. ஹவாயில் மவுனா லோவா மலை மேல் 1958-ல் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகளே எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் உள்ளுக்குள் போட்ட கணிப்பு பின்னால் நடந்ததோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. வெளியே கம்பெனி பேசியது வேறு. ஆக, புரளி கிளப்பியவர்கள் இருந்தார்கள் என்றால் அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

அதற்காக விஞ்ஞானத்தின் பெயரில் பேசுகிற எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசி 2007-ல் வெளியிட்ட அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போய்விடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. 2009-ல் நம் மூத்த பனியாற்று நிபுணர் வி.கே. ரைனா எழுதிய ஆய்வுத் தாள் ஒன்றை அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார், நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று அதில் இருந்தது. ஐபிசிசி தலைவராக இருந்த பச்சௌரி அதை மந்திரவாதி விஞ்ஞானம் என்கிற ரீதியில் எள்ளி நகையாடினார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், அந்த 2035 தப்பு என்று ஐபிசிசியே ஒப்புக்கொண்டது. பனியாறுகள் கரைவது உண்மை, தேதிதான் பொய். ஆனால் கேள்வி கேட்டவரைக் கேலி செய்த அந்தத் தோரணை இருக்கிறதே, அதுதான் பாதிப் பேரைப் புரளிக் கட்சிக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன்.

சரி, என் சந்தேகத்துக்கு வருகிறேன். என் சந்தேகம் கணக்கின் மேல். யார் புகையை யார் பேரில் எழுதுவது, எதைக் குறைப்பு என்று சொல்வது, எதை உதவி என்று சொல்வது, இந்த மூன்றையும் முடிவு செய்கிற இடத்தில்தான் அரசியல் முழுவதும் நடக்கிறது. மேடைப் பேச்சும் கண்ணீரும் செய்திக்கு.

இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. கார்பன் கிரெடிட் சூடாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கான ஆவணங்கள் எழுதிக் கொடுக்கும் வேலையில் நான் இருந்தேன். 1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: பணக்கார நாடு தன் ஊரில் புகையைக் குறைப்பதற்குப் பதிலாக, ஏழை நாட்டில் யாராவது குறைத்தால் அந்தக் குறைப்பை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். ஒரே ஒரு நிபந்தனை, கிரெடிட் பணம் இல்லாவிட்டால் அந்தத் திட்டமே நடந்திருக்காது என்று நிரூபிக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இப்போது கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலை போடுகிற ஸ்பின்னிங் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மில்காரர் ஏன் காற்றாலை போடுகிறார்? கரண்ட் பில் கையைக் கடிக்கிறது, அப்புறம் அந்தக் காலத்தில் முதல் வருடமே 80 சதவீதம் தேய்மானம் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளவும் முடிந்தது. இந்த இரண்டு காரணமே போதும், அவர் கியோட்டோவைக் கேள்விப்பட்டிருக்கவே தேவையில்லை. ஆனால் ஆவணம் எழுதும்போது அவருக்காக இரண்டு எக்செல் ஷீட் தயாராகும். வங்கிக்குப் போகிற ஷீட்டில் காற்று நன்றாக வீசும், யூனிட் நன்றாக உற்பத்தியாகும், கடன் தவணை தவறாமல் அடையும். ஐ.நா.வுக்குப் போகிற ஷீட்டில் அதே மலைக் கணவாயில் காற்று கொஞ்சம் மந்தமாகிவிடும், பராமரிப்புச் செலவு ஏறிவிடும், லாப விகிதம் வேண்டிய அளவுக்கு ஒரு புள்ளி கீழே போய் நிற்கும், "கிரெடிட் வருமானம் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது" என்று கடைசி வரி வரும். போதாததற்கு, மிஷினுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே கார்பன் வருமானத்தைப் பற்றி இயக்குநர் கூட்டத்தில் பேசியதாகத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பதிவும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எப்போது எழுதப்பட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். இதில் யாரும் பெரிய குற்றவாளி கிடையாது. காற்றாலை நிஜம், அது ஓடுவது நிஜம், மின்சாரம் நிஜம். ஆனால் அதைக் காட்டி ஐரோப்பாவில் ஒரு சிமெண்ட் ஆலை கூடுதலாகப் புகை விட உரிமை வாங்கியது பாருங்கள், அங்கேதான் ஓட்டை. மில்காரர் எப்படியும் போட்டிருப்பார், அந்த ஆலையின் புகை மட்டும்தான் புதிது.

நான் மட்டும் புலம்பவில்லை. 2016-ல் ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் ஓகோ ஆய்வு நிறுவனம் இந்தத் திட்டங்களை அலசிப் பார்த்ததில், 85 சதவீதத் திட்டங்கள் உண்மையான கூடுதல் குறைப்பைத் தந்திருக்க வாய்ப்பு குறைவு என்று முடிவு சொன்னது.

இதை விடப் பெரிய கூத்து கேஸ் கதை. ஏசி மெக்கானிக்குகள் ஆர்-22 என்று சொல்வார்களே, அந்த கேஸைத் தயாரிக்கும்போது ஹெச்எஃப்சி-23 என்று இன்னொரு வாயு கழிவாக வரும். கரியமில வாயுவை விட 11,700 மடங்கு வீரியம் என்று அப்போதைய கணக்கு. ஆகவே ஒரு டன் கழிவை எரித்தால் 11,700 கிரெடிட். கிரெடிட் 10 யூரோ என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு டன்னுக்கு 1,17,000 யூரோ! எரிப்பதற்கு ஆகிற செலவு அதில் தூசு. மைக்கேல் வாரா என்பவர் 2007-ல் நேச்சர் இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்: சுமார் 10 கோடி யூரோவில் கருவி வாங்கிக் கொடுத்து முடித்திருக்கக்கூடிய வேலைக்கு 460 கோடி யூரோவுக்கு மேல் கொட்டப்படுகிறது என்று. ஐ.நா. பதிவேட்டில் 0001 என்ற எண் கொண்ட திட்டமே குஜராத்தில் உள்ள இப்படிப்பட்ட ஓர் ஆலைதான். பெரும்பங்கு சீனாவுக்குப் போனது, சீன அரசு அந்த வருமானத்தில் 65 சதவீதத்தைத் தானே எடுத்துக்கொண்டது. ஆலைகளுக்கு ஆர்-22 விற்கிற லாபத்தை விடக் கழிவை எரிக்கிற லாபம் அதிகமானது, அப்புறம் கழிவுக்காகவே கேஸ் தயாரிக்கிறார்கள் என்று 2010-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் புள்ளிவிவரத்தோடு குற்றம் சாட்டின. கிரெடிட் கிடைக்கும் உச்சவரம்பு வரை உற்பத்தி போகிறது, கிரெடிட் இல்லாத காலத்தில் இறங்கிவிடுகிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான், ஆட்டியதற்கு டன் கணக்கில் கூலியும் கிடைத்தது.

2013 மே மாதத்திலிருந்து இந்த கிரெடிட்டை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பா கதவைச் சாத்தியது. அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2016 அக்டோபரில் இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது: ஆர்-22 தயாரிக்கும் கம்பெனிகள் எல்லாம் இந்தக் கழிவைத் தங்கள் சொந்தச் செலவில் எரித்தே ஆக வேண்டும். அவ்வளவுதான். சந்தையும் இல்லை, கிரெடிட்டும் இல்லை, ஆலோசகரும் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் கோடிக்கணக்கில் விலை பேசப்பட்ட வேலை ஓர் அரசாணையில் முடிந்தது.

உதவித் தொகைக்கு வருவோம். 2009 கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், 2020-க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். தவணை தவறியது, அந்தத் தொகையை எட்டியதாகச் சொல்லிக்கொண்டது 2022-ல்தான். ஆனால் அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் தலை சுற்றும். 2013-14-ல் வருடத்துக்கு சராசரியாக 5,700 கோடி டாலர் வந்ததாக பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி சொன்னது. நம் நிதி அமைச்சகம் 2015-ல் அதைப் பிரித்துப் பார்த்து, கைக்கு உண்மையாக வந்தது 220 கோடி டாலர்தான் என்றது. இருபத்தைந்தில் ஒரு பங்கு! எப்படி இந்த வித்தியாசம்? கடன் கொடுத்தால் முழுக் கடனும் உதவி, வட்டியோடு திரும்ப வந்தாலும் உதவி. தனியார் முதலீடும் உதவி. 2023-ல் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் இந்தப் பட்டியலைத் தோண்டியபோது, வங்கதேசத்தில் ஜப்பான் கட்டிக் கொடுக்கிற நிலக்கரி மின் நிலையமும், எகிப்தில் ஒரு விமான நிலைய விரிவாக்கமும், ஆசியாவில் இத்தாலியக் கம்பெனி ஒன்று சாக்லேட், ஐஸ்கிரீம் கடை திறக்கக் கிடைத்த பணமும் காலநிலை நிதியில் சேர்த்து எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. தவறு என்று நிரூபிக்கவும் முடியாது, ஏனென்றால் எதைச் சேர்க்கலாம் எதைச் சேர்க்கக் கூடாது என்று பொதுவான விதியே இல்லை. 2024-ல் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் நடந்த காலநிலை மாநாட்டில் 2035-க்குள் வருடத்துக்கு 30,000 கோடி டாலர் என்று புதுத் தொகை ஒன்றைச் சொன்னார்கள். சுத்தியலைத் தட்டி முடித்த பிறகுதான் இந்தியப் பிரதிநிதிக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது, அவர் அதைக் கண்கட்டு வித்தை என்றார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை, மாநாட்டைத் தொடங்கி வைத்த அந்நாட்டு அதிபரே எண்ணெயும் எரிவாயுவும் கடவுள் தந்த பரிசு என்று பேசியிருந்தார். அதற்கு முந்தின வருடம் துபாயில் மாநாட்டுத் தலைவராக இருந்தவர் அபுதாபி எண்ணெய்க் கம்பெனியின் தலைவர்.

ஐரோப்பா மட்டும் யோக்கியமா என்றால், இங்கிலாந்தின் டிராக்ஸ் மின் நிலையத்தைப் பாருங்கள். முன்பு நிலக்கரி எரித்தது, இப்போது அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வரும் மரத்துகள் கட்டிகளை எரிக்கிறது. புகைபோக்கியில் வருகிற கரியமில வாயு கணக்கில் பூஜ்யம். ஏனென்றால் மரத்தின் கார்பனை வெட்டிய நாட்டின் காட்டுக் கணக்கில் எழுத வேண்டும் என்று விதி. அங்கே யார் எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்று இங்கிலாந்து பார்க்க வேண்டியதில்லை. அப்புறம் 2026-லிருந்து முழுமையாக அமலுக்கு வந்திருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி. இந்தியாவில் உருக்கிய இரும்பின் புகை இந்தியாவின் கணக்கில் ஏறும், "உலகின் மூன்றாவது பெரிய மாசுக்காரர்" என்று நமக்குப் பட்டம் கிடைக்கும். அதே இரும்பை ஐரோப்பாவில் இறக்கும்போது அதே புகைக்கு வரி, அந்த வரி போய்ச் சேருவது ஐரோப்பியக் கருவூலத்துக்கு. புகை நம்முடையது என்றால் வரியும் நம்முடையதாகத்தானே இருக்க வேண்டும்? இதற்கு அவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது, "நீங்களே உங்கள் நாட்டில் கார்பனுக்கு விலை போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் கழித்துக்கொள்கிறோம்" என்பார்கள். அதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, எல்லாம் வெள்ளைக்காரன் சதி" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நம் பக்கத்துக் கணக்கும் லேசுப்பட்டதில்லை. ஓர் இந்தியருக்கு வருடத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, ஓர் அமெரிக்கருக்கு 14 டன்னுக்கு மேல், ஆகவே எங்களைக் கேட்காதே என்பது நம் வாதம். வாதம் சரிதான். ஆனால் அந்த 2 டன்னுக்குள் சென்னை போட் கிளப் பங்களாவும் இருக்கிறது, கல்வராயன் மலைக் குடிசையும் இருக்கிறது. குடிசையைக் காட்டித்தான் பங்களாவுக்கு விலக்கு வாங்குகிறோம். சவுதி, கத்தார், சிங்கப்பூர், சீனா எல்லாம் 1992 ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் எழுதிய பட்டியலின்படி இன்றைக்கும் வளரும் நாடுகள்தான், நாமும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கும் சேர்த்து வாதாடுகிறோம். 2070-ல் நிகர பூஜ்யம், அதாவது விடுகிற புகையும் உறிஞ்சுகிற புகையும் சரிக்குச் சரி, என்று 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்த அதே இந்தியா, 2024-25-ல் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியதைச் சாதனையாகக் கொண்டாடியது. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத் தேவைக்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நிலக்கரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ராத்திரி கரண்டுக்கு இன்றைக்கு வேறு வழி குறைவு. ஆனால் இதை மறைத்துக்கொண்டு மற்றவனுக்கு உபதேசம் செய்யக் கூடாது.

இலங்கையில் நடந்தது இன்னொரு வகை. 2021-ல் கோத்தபய அரசு ரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை போட்டது. டாலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தது, உர இறக்குமதிக்குப் பணம் மிச்சப்படுத்த வேண்டிய கட்டாயம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் வெளியே அதற்குப் போர்த்தியது பச்சைச் சால்வை. கிளாஸ்கோ மாநாட்டுக்குப் போன இடத்திலும் அவர் அந்த இயற்கை விவசாயக் கொள்கையைப் பெருமையாகப் பேசினார். அதே 2021 நவம்பர் மாதக் கடைசியில் தடையை விலக்க வேண்டியதாயிற்று, அதற்குள் பெரும்போக நெல்லும் தேயிலையும் அடி வாங்கிவிட்டன. காலநிலையைக் காரணம் காட்டினால் எந்த முடிவுக்கும் ஒரு புனிதம் வந்துவிடுகிறது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் கிடையாது.

புனிதம் மட்டுமா, பாவ மன்னிப்பும் கிடைக்கிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. "வரலாறு காணாத மழை, பருவநிலை மாற்றம், யார் என்ன செய்ய முடியும்" என்று அன்றிலிருந்து இன்று வரை சொல்கிறார்கள். அந்த மழையை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழு, அதில் புவி வெப்பமாதலின் தெளிவான தடயம் கிடைக்கவில்லை என்றுதான் எழுதியது. மற்றொரு பக்கம் மத்திய கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது, செம்பரம்பாக்கத்தில் நீரைத் திறந்துவிட்ட விதத்தைச் சுட்டிக்காட்டி இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல், இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு துண்டு. மீதியில் குப்பைமேடு, சாலை, ஐடி வளாகம், அடுக்குமாடி. இதற்கெல்லாம் அனுமதிக் கையெழுத்துப் போட்ட கோப்புகள் இருக்கின்றன, தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், பெருமழை கூடும் என்பது பொதுவாக உண்மை, வருங்காலத்தில் இன்னும் மோசமாகும் என்பதையும் ஏற்கிறேன். அப்படியானால் நீர்வழியில் கட்ட அனுமதி கொடுத்தவர் மேல் கோபம் கூடத்தானே வேண்டும்? நடப்பது தலைகீழ், வானத்தைக் கைகாட்டிவிட்டு நழுவிவிடுகிறார்கள்.

அப்படியானால் நான் எதைத்தான் நம்புகிறேன் என்று கேட்பீர்கள். சோலார் தகட்டின் விலையை நம்புகிறேன். 2010-லிருந்து பத்தே வருடத்தில் அதன் விலை சுமார் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. இதில் மாநாடுகளின் பங்கை விட, ஆரம்பத்தில் அதிக விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் நுகர்வோருக்கும் பிறகு கண்மண் தெரியாமல் ஆலை கட்டிய சீனாவுக்கும்தான் பங்கு அதிகம். ஆனால் விலை இறங்கியதும் அரசுகள் என்ன செய்தன? ஐரோப்பா 2013-லிருந்து 2018 வரை சீனத் தகட்டுக்குக் குறைந்தபட்ச விலை வைத்துத் தடுத்தது, இந்தியா 2022 ஏப்ரலில் 40 சதவீத இறக்குமதி வரி போட்டது, அமெரிக்கா 2024-ல் சீன மின்சாரக் காருக்கு 100 சதவீதம். உள்நாட்டுத் தொழில், வேலைவாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். பூமியைக் காப்பாற்ற இன்னும் சில வருடங்கள்தான் இருக்கின்றன என்று அதே அரசுகள் மேடையில் சொல்வதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இடிக்கிறது.

பாகிஸ்தானைப் பாருங்கள். கடன் கொடுத்த ஐஎம்எஃப் (சர்வதேச நிதியம்) நெருக்கியதில் கரண்ட் கட்டணம் எகிறியது, ஜனங்கள் தாங்க முடியாமல் மாடியிலும் பம்ப்செட் பக்கத்திலும் சீனத் தகடுகளை வாங்கி மாட்ட ஆரம்பித்தார்கள். 2024-ல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் அளவுக்குத் தகடுகள் இறங்கின. யாரும் கிரெடிட் கேட்கவில்லை, யாரும் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யவில்லை, பில் குறைய வேண்டும், அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் விலகிப் போனதில் மின் வாரியங்களுக்குப் பணம் முடை, கஜானாவும் காலி. 2025 பட்ஜெட்டில் இறக்குமதித் தகடுகளுக்கு 18 சதவீத விற்பனை வரி என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் 10 சதவீதமாகக் குறைத்துக்கொண்டார்கள்.